துவக்கின் மேல் எழுதிய பெயர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே வாலி போர்ஜ் என்று ஓர் இடமுண்டு. சுதந்திரப் போரின்போது ஜோர்ஜ் வாஷிங்டனின் படை 1777-ஆம் ஆண்டின் கடுங்குளிரைப் பசியோடும் பிணியோடும் கழித்த இடம் அது. அங்கிருந்த நூதனசாலையிலிருந்து 1971-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2-ஆம் நாள் ஒரு பழைய துவக்கு களவு போயிற்று. ஏறக்குறைய ஐந்தடி நீளம், மேப்பிள் மரத்தாலான கட்டை, நுண்ணிய வேலைப்பாடு. அதனை எடுத்தவர் யார், கொண்டுபோனது எங்கே என்பதெல்லாம் நாற்பத்தேழு ஆண்டுகள் வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

2018-ஆம் ஆண்டில் அதே மாநிலத்துப் பழம்பொருள் வணிகர் ஒருவர் ஒரு முதியவரிடமிருந்து சில பழைய பண்டங்களை வாங்கினார். அவற்றுள் ஒரு நீண்ட துவக்கும் இருந்தது. பிற்காலத்தவர் எவரோ பழைய மாதிரியைப் பார்த்துச் செய்த நகல் இது என்றே அவர் முதலில் எண்ணினார். பின்பு அதன் அழுக்கை நீக்கி ஆராய்ந்தபோதுதான் 1775-ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்னும் கைவினைஞர் தம் பெயரும் ஆண்டும் பொறித்துச் செய்த உண்மைத் துவக்கே அது என்பது புலனாயிற்று. களவுபோன பொருள் என்று அறிந்ததும் வணிகர் அதனை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். 2019-இல் பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கப் புரட்சி நூதனசாலையில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. களவு செய்தவர் 2021-இல் தமது 78-ஆவது வயதில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கள்வனைப் பற்றிய கதை இத்துடன் நிற்க. நமது ஆர்வத்துக்குரியது வேறொன்று. பழந்துவக்குகளைப் பார்த்துப் பழகிய ஒரு வணிகரே உண்மைப் பொருளை நகலென்று மயங்கினார். இதற்கு நேர்மாறான மயக்கம், அதாவது நகலை உண்மையென்றும், ஊர் பேர் அறியாத ஒருவர் செய்ததைப் புகழ்பெற்ற ஒருவர் செய்ததென்றும் கொள்ளும் மயக்கம், இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி. இருநூறு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்மாலையில் உருவான பொருளைச் செய்த கை எவருடையது என்று இன்று எங்ஙனம் துணிவது? நம் மாணவர்களும் அறிந்துகொள்ளத்தக்க ஆராய்ச்சி முறை ஒன்று இக்கேள்விக்குள்ளே அடங்கியிருக்கிறது.

பெயர் ஒன்று, பிறந்த இடம் ஒன்று

இவ்வகைத் துவக்கைப் பொதுமக்கள் 'கென்டக்கி ரைபிள்' என்பர். பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. கென்டக்கி நாட்டு வேடரும் குடியேறிகளும் இதனைக் கையாண்டு புகழ் தேடிக்கொடுத்தனர் என்பது மெய். 1815-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூ ஓர்லீன்ஸ் நகரருகே ஆங்கிலேயப் படை தோற்றோடிய பின் எழுந்த ஒரு பிரபலமான பாட்டு அப்பெயரை நாடெங்கும் பரப்பிற்று. ஆயின் இத்துவக்கு பிறந்து வளர்ந்த வீடு பென்சில்வேனியாவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் திரள் திரளாக மக்கள் அங்கே குடியேறினர். அவர்களுள் துவக்குக் கொல்லரும் இருந்தனர். அவர்கள் தம் தாய்நாட்டில் செய்து பழகியது 'யேகர்' எனப்படும் வேட்டைத் துவக்கு. அது குட்டையானது, பருத்தது. குழல் முப்பது அங்குல அளவினது. பெரிய ஈயக்குண்டைத் தின்பது. புதிய நாட்டின் காடோ முடிவற்றது. வேட்டைக்குப் புறப்பட்டவன் பல வாரம் கழித்தே வீடு திரும்புவான். ஈயமும் வெடிமருந்தும் அவன் தோளிற் சுமக்கும் பாரம். ஆகவே குண்டு சிறுத்தது, குழல் மெலிந்து நாற்பது அங்குலத்துக்கும் மேலாக நீண்டது. குழலின் உட்புறத்தே திருகுபோலச் சுற்றிச் செல்லும் சால்கள் வெட்டப்பட்டிருந்தமையால் குண்டு சுழன்று சென்று குறி தவறாது தைத்தது. எண்ணெயில் தோய்த்த சீலைத் துண்டொன்றிற் சுற்றியே குண்டை உள்ளே செலுத்தவேண்டும். அச்சீலையை வைப்பதற்குக் கட்டையின் பின்புறத்தில் ஒரு சிறு பெட்டி குடைந்து, அதற்கு முதலில் மரமூடியும் பின்னர் பித்தளை மூடியும் இட்டார்கள். வேலைக்காக வந்த அந்தப் பித்தளை மூடியே நாளடைவில் கலைஞனின் கைவண்ணத்துக்கு மேடையாயிற்று. மலர்களும் கொடிகளும் அதில் பூத்தன. கட்டையின் இடப்பக்கத்திலே கன்னம் அணையும் மேட்டைச் சுற்றி, அக்காலத்து ஐரோப்பிய மாளிகைகளை அலங்கரித்த சுருள்கொடிச் சிற்பம் புடைப்பாகச் செதுக்கப்பட்டது. காட்டு வேடன் கையில் அரண்மனைச் சிற்பம்! இந்த விந்தையே இன்று சேகரிப்போரை மயக்குவது.

பெயர் எங்கே?

செய்தவன் பெயரை அறிய, எழுதியிருக்கும் பெயரைப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். முதலாவது, மிகப் பல துவக்குகளில் பெயரே இல்லை. சுதந்திரப் போருக்கு முற்பட்டவற்றுள் பெயர் பொறித்தவை மிகச் சில. கம்மாலை ஊரிலேயே இருக்கிறது, வாங்குபவன் அயலவன், அவனுக்குத் தெரியாத பெயரா? நம்மூர்த் தச்சர் தாம் செய்த கதவில் பெயர் எழுதி வைத்ததுண்டா?

இரண்டாவது, பெயர் இருந்தாலும் அது செய்தவன் பெயராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவ்விடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனெனில் தவறுகளிற் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. துவக்கு ஒன்று மூன்று உறுப்புக்களாலானது: குழல், கட்டை, மருந்தில் தீப்பற்றவைக்கும் பொறி. பொறி செய்வது கடினமான, நேரங்கொல்லும் வேலை. ஆதலால் பென்சில்வேனியக் கொல்லர் பலர் அதனை இங்கிலாந்திலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்த சரக்காகக் கடையில் வாங்கிப் பொருத்தினர். பேர்மிங்காம் நகரத்துக் கெட்லண்ட் குடும்பத்தாரின் பெயர் பொறித்த பொறிகள் அமெரிக்கத் துவக்குகளில் ஏராளம். பொறியின் மேல் 'கெட்லண்ட்' என்றிருப்பதைக் கண்டு, 'இது ஆங்கிலத் துவக்கு' என்று துள்ளுபவன், சுவர்க் கடிகாரத்தின் உள்விசையைச் செய்தவனே அதன் மரப்பெட்டியையும் செய்தான் என்று சாதிப்பவனை ஒப்பான்.

குழலின் நிலையும் அதுவே. தொடக்கத்தில் கொல்லர் தாமே இரும்புப் பட்டையைக் காய்ச்சி உருட்டிப் பற்றவைத்துக் குழல் செய்தனர். பின்னர் ஓடைநீரால் ஓடும் ஆலைகளில் குழல்கள் செய்து விற்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நியூயோர்க் மாநிலத்து ரெமிங்டன் ஆலை நாடெங்குமுள்ள கொல்லர்களுக்குக் குழல் விற்றது. அக்காலத்துத் துவக்கு ஒன்றைக் கையில் எடுத்தால் குழலில் ரெமிங்டன், பொறியில் கோல்ச்சர் என்று இரு பெயர்கள் காணப்படலாம். ஆயினும் அவற்றைச் சேர்த்து, கட்டை இழைத்து, ஒரு துவக்காக்கிய உள்ளூர்க் கொல்லன் பெயர் எங்கும் இராமற்போகலாம்.

குழல் கட்டையைவிட நெடுநாள் வாழ்வது என்பதையும் மறக்கலாகாது. மரம் உடையும், குழல் உடையாது. உடைந்த துவக்கின் குழலை இன்னொரு கொல்லன் புதிய கட்டையில் ஏற்றுவான். அப்போது குழலில் உள்ள பெயர் ஒருவருடையது, சிற்பவேலை மற்றொருவருடையது. சில துவக்குகளில் வெள்ளித் தகட்டில் அழகாகப் பொறித்திருக்கும் எழுத்துக்கள் செய்தவனையன்றி உடையவனைக் குறிப்பன. முதலெழுத்து இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய பெயர்ப்பட்டியல்களைப் புரட்டிப் பொருத்தம் தேடுவோர் உளர். ஜோன், ஜேக்கப், ஜோர்ஜ் என்பனவற்றைத் தவிர வேறு பெயர் வைக்கத் தெரியாத ஒரு சமுதாயத்தில் இரண்டெழுத்துக்கு எத்தனை பேர் அகப்படமாட்டார்கள்!

முழுப்பெயர் தெளிவாக இருந்தபோதும் ஐயம் தீர்ந்துவிடாது. அலன்டவுன் என்னும் ஊரிலே ஜோன் மோல் என்ற பெயருடன் பாட்டன், தந்தை, மகன் என மூவர் அடுத்தடுத்துத் துவக்குத் தொழில் நடத்தினர். லங்காஸ்டர் நகரத்து ஜேக்கப் டிக்கர்ட் 1740-இல் ஜேர்மனியின் மைன்ஸ் நகரிற் பிறந்து 1822 வரை வாழ்ந்தவர். அவர் பெயர் தாங்கிய துவக்குகள் எல்லைப்புறத்தார் வாயில் 'டெக்கார்ட்' என்று திரிந்து, நல்ல துவக்கு எதற்கும் பொதுப்பெயர்போல் வழங்கலாயின. அவ்வளவு நீண்ட தொழில்வாழ்வில், பங்காளிகளும் பயிலுநரும் கூலியாட்களும் நிறைந்த கம்மாலையில், டிக்கர்ட் என்னும் பெயர் ஒரு மனிதனின் கையைக் குறிக்கிறதா, ஒரு நிலையத்தின் முத்திரையைக் குறிக்கிறதா? இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து.

கையெழுத்தும் கைப்பழக்கமும்

பெயரை நம்பமுடியாதென்றால் எதனை நம்புவது? கையை நம்பலாம்.

இத்தாலியரான ஜொவானி மொரெல்லி என்பவர், மருத்துவம் கற்றவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஓவிய ஆராய்ச்சியில் ஒரு புதுவழி காட்டினார். ஓவியம் எவருடையது என்று அறிய முகத்தையும் பாவத்தையும் பாராதே; அவற்றை எவரும் பார்த்து எழுதிவிடுவர். காது மடலையும் விரல்நகத்தையும் பார். அவை ஓவியன் எண்ணிப் பாராமலே தன் கைப்பழக்கத்தால் எழுதிச் செல்பவை என்பது அவர் கொள்கை. பழந்துவக்கு ஆராய்வோரும் இதனையே செய்கின்றனர். பித்தளை மூடியின் பகட்டான பூவைக் கண்டு அவர்கள் மயங்குவதில்லை. மூடியைத் திறந்து, உள்ளே குடைந்த குழியின் அடியைப் பார்க்கிறார்கள். உளியால் குடைந்ததா, துளைகருவியால் துளையிட்டுப் பின் சீவியதா? கட்டையின் கீழ்விளிம்பில் ஓடும் கோடு எங்கே தொடங்கி எங்கே மறைகிறது? பொறித்தகட்டின் வாலருகே மரத்தை எவ்வடிவில் விட்டிருக்கிறான்? கைபிடிக்கும் மெல்லிய இடையின் வெட்டுமுகம் வட்டமா, முட்டைவடிவா? குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தில், எவர் கண்ணும் படாத இடத்தில், அரம் எப்படி ஓடியிருக்கிறது? விற்பனைக்காகச் செய்த அழகு வெளியே; பழக்கத்தாற் செய்தது உள்ளே. உள்ளே இருப்பதுதான் சாட்சி.

ஆனால் கைப்பழக்கமும் தனிமனிதன் சொத்தன்று. பையன் ஒருவன் பதின்மூன்று பதினான்கு வயதில் குருவின் வீட்டில் பயிலுநனாகச் சேர்ந்து இருபத்தொரு வயது வரை அங்கேயே உண்டு உறங்கி வேலை கற்பான். குருவின் அச்சுப்படிவத்தை வைத்துக் கட்டையை வரைவான். குருவின் உளியைப் பிடித்தே செதுக்குவான். வெளியேறித் தனித்தொழில் தொடங்கும்போது குருவின் கை அவன் கைக்குள் குடியிருக்கும். ஆதலால் ஊருக்கொரு மரபு வளர்ந்தது. லங்காஸ்டர் மூடிகளின் நுனியில் டெய்சிப் பூ விரியும். லீஹாய் பள்ளத்தாக்குத் துவக்கின் கட்டை முதுகு வளைந்து இறங்கும். பெட்போர்ட் துவக்கு ஒற்றைநாடியாய் மெலிந்திருக்கும். பழகிய கண் ஒன்று சிறிது தூரத்திலிருந்தே மரபைச் சொல்லிவிடும். மரபிலிருந்து மனிதனுக்கு இறங்கும் கடைசிப்படிதான் வழுக்குவது.

இதற்கு நல்ல உதாரணம் வுல்ப்காங் ஹாகா. ரெடிங் நகரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பெயருடைய துவக்குக் கொல்லர் ஒருவர் வாழ்ந்தார். வரிப்பட்டியல்களில் அவர் பெயர் உண்டு. அவர் பெயர் பொறித்த துவக்கு ஒன்றுகூட அறியப்படவில்லை. 1960-ஆம் ஆண்டில் ஜோ கின்டிக் என்ற சேகரிப்பாளர் கென்டக்கி ரைபிளின் பொற்காலம் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். இத்துறையில் இன்றும் தலைசிறந்து நிற்பது அந்நூல். அதிலே ஒரே மாதிரியான சிற்பவேலை கொண்ட துவக்குகள் சிலவற்றை அவர் ஹாகா செய்தவையாகக் கருதினார். ஊர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது, கருதியதிற் குற்றமில்லை. ஆனால் நூலாசிரியர் எழுதிய 'கருதலாம்' என்னும் சொல் விற்பவன் வாயில் நெடுநாள் தங்காது. 'ஹாகா துவக்கு' என்றே அது கைமாறும். அடுத்து அகப்படும் பெயரற்ற துவக்கை முதல் துவக்கோடு ஒப்பிட்டு அதனையும் ஹாகா என்பர். மூன்றாவதை இரண்டாவதோடு ஒப்பிடுவர். அடியில் ஒரு சான்றுமின்றி மேலே ஒரு கோபுரம் எழுந்துவிடும். கோபுரத்தின் உச்சியில் நிற்பவன் அடித்தளம் உண்டா என்று குனிந்து பார்ப்பதில்லை.

பெயரில்லாப் பொருளுக்குப் பெயர் சூட்டுவதில் நம் முன்னோர் கையாண்ட இரு வழிகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் புலவர் பெயர் தெரியாதவிடத்து, பாடலில் அமைந்த அரிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றாற்போல் குறித்து வைத்தனர். தெரிந்தது இவ்வளவே என்று அப்பெயரே சொல்லிவிடுகிறது. பிற்காலத்தாரோ, நூற்றாண்டுகள் பல இடையிட்ட பாடல்களையெல்லாம் ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் அடக்கினர். அமெரிக்கத் துவக்கு ஆராய்ச்சியிலும் இவ்விரு போக்கும் உண்டு. சிற்பத்தை வைத்து 'சிங்கமும் ஆட்டுக்குட்டியும்' என்றே அழைக்கப்படும் புகழ்பெற்ற துவக்கு ஒன்றிருக்கிறது. செய்தவர் இன்னாராகலாம் என்று அறிஞர் கூறுவர். எனினும் துவக்கின் பெயர் அதுவே. எனக்கு இம்முறை மிகவும் உவப்பானது. பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் வேலையைப் புகழ்பெற்ற இன்னொருவன் கணக்கில் எழுதுவது, அந்தத் தொழிலாளிக்கு மிஞ்சியிருந்த ஒரே உடைமையையும் பறிப்பதாகும்.

பொய்க்கையெழுத்து

பெயருக்கு விலையுண்டு. பெயரற்ற துவக்கைவிடப் பெயருள்ள துவக்கு பன்மடங்கு பணம் பெறும். ஆகவே பெயரைப் பொய்யாகப் பொறிக்கும் தொழிலும் வளர்ந்திருக்கிறது. அதனைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையிலேயே அழகானது. இரும்புக்குழல் நூறாண்டுகளில் துருப்பிடித்துச் சிறு சிறு குழிகளாக அரிக்கப்படும். எழுத்து முதலிலும் துரு பின்னரும் வந்திருந்தால், துருக்குழி எழுத்தின் கோட்டை இடையிடையே தின்றிருக்கும்; கோட்டின் விளிம்புகளும் மழுங்கியிருக்கும். துரு முதலிலும் எழுத்து பின்னரும் வந்திருந்தால், உளி துருக்குழிக்குள்ளே இறங்கி ஏறிச் சென்றிருக்கும். விளிம்பு கூராக நிற்கும். பொற்கொல்லர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றே இவ்வழக்கைத் தீர்க்கப் போதும்.

சிற்பத்திலும் இத்தகைய சூது உண்டு. வெறுமையான பழைய கட்டை ஒன்றை எடுத்துப் புதிதாகக் கொடிகளைச் செதுக்கி விலையேற்றுவர். உண்மைப் புடைப்புச் சிற்பத்துக்குக் கொல்லன் கட்டையை உருவாக்கும்போதே அவ்விடத்தில் மரத்தை மேடாக விட்டுவைப்பான். முன்பே இழைத்து முடிந்த கட்டையில் மேடு இல்லை. ஆகவே பின்வந்தவன் சிற்பத்தை மேலே எழுப்பமுடியாமல், சுற்றியுள்ள மரத்தைத் தாழ்த்தியே காட்டவேண்டும். கையால் தடவினால் சிற்பம் பள்ளத்துக்குள் இருப்பது தெரியும். கண்ணை ஏமாற்றலாம், விரலை ஏமாற்றுவது கடினம்.

இன்னும் பல நுணுக்கங்கள். மரம் காலப்போக்கில் குறுக்குவாட்டிற் சுருங்குவது. உலோகம் அவ்வாறு சுருங்காது. ஆகையால் பழந்துவக்கில் பதித்த பித்தளை விளிம்புகள் மரத்தைவிடச் சற்றே மேலெழுந்து நிற்கும். கையால் வெட்டிய பழைய திருகாணிகள் ஒன்றையொன்று ஒத்திரா. இயந்திரத் திருகாணிகள் இரட்டைப் பிள்ளைகள். 1820-க்குப் பின் சக்கிமுக்கிக் கல்லை விடுத்துக் கேப்பு வெடிக்கும் முறை பரவியபோது பழைய துவக்குகள் ஆயிரக்கணக்கில் மாற்றியமைக்கப்பட்டன. அண்மைக் காலத்தவரோ, பழமைக்குத்தான் விலை என்று அவற்றை மீண்டும் சக்கிமுக்கித் துவக்காக்கினர். இரண்டு முறை மாறிய பொறியில் எது முதல், எது முடிவு என்று பார்ப்பதற்குப் பொறித்தகட்டின் துளைகளை எண்ணவேண்டியிருக்கிறது. ஊதாக்கடந்த ஒளியில் பழைய மெருகும் புதிய ஒட்டுவேலையும் வெவ்வேறு நிறம் காட்டும். எக்ஸ் கதிர் மரத்துள் மறைந்த இணைப்பை வெளிப்படுத்தும். கருவிகள் உதவுவன என்பதில் ஐயமில்லை. எனினும் அவை பொய்யைக் காட்டிக்கொடுக்கும். செய்தவன் பெயரைச் சொல்லமாட்டா.

ஒரு சிக்கல் நேர்மையானவர்களாலேயே நேர்ந்தது. மறைந்துபோன இக்கலையை இருபதாம் நூற்றாண்டில் சிலர் உயிர்ப்பித்தனர். வெர்ஜினியாவின் வில்லியம்ஸ்பேர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்பவர் பழைய கருவிகளைக் கொண்டே, இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கி முழுத் துவக்கையும் கையாலே செய்து காட்டினார். அது 1969-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அவர் வழிவந்த கலைஞர்கள் தம் பெயரை ஒளிக்காமற் பொறிக்கிறார்கள். ஆனால் அப்பெயரை அரத்தால் அழித்து, சில ஆண்டு புகையிலும் எண்ணெயிலும் போட்டெடுத்தால், நேற்றைய துவக்கு முந்தைய நூற்றாண்டுக்குப் போய்விடுகிறது. முற்கூறிய வணிகர் உண்மையை நகலென்று ஐயுற்றது ஏன் என்பது இப்போது விளங்கும். அத்துறையில் ஐயமே முதல் இலக்கணம்.

ஏடுகளின் சாட்சி

கையும் கண்ணும் கூறுவதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ எழுத்துச்சான்று வேண்டும். பென்சில்வேனியாவின் வரிப்பட்டியல்கள் குடியானவன் பெயரோடு தொழிலையும் குறிப்பதுண்டு. நம் நாட்டு ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இத்தகைய பட்டியலின் அருமை தெரியும். மரண சாசனங்கள், இறந்தவன் வீட்டுப் பொருட்பட்டியல்கள், பயிலுநர் ஒப்பந்தங்கள், திருமுழுக்குப் பதிவுகள், பத்திரிகை விளம்பரங்கள், படைக்குத் துவக்கு வழங்கிய கணக்குகள் எல்லாம் சாட்சிகளே. ஒருவன் ஓர் ஊரில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தான் என்று தெரிந்தாலே பாதிப் பொய்கள் உதிர்ந்துவிடும். பத்து வயதுப் பையன் செய்த துவக்குகளும், செத்தவர்கள் செய்த துவக்குகளும் விற்பனைப் பட்டியலிலிருந்து அகன்றுவிடும்.

ஓர்ட்டருடைய வரலாறு இவ்வளவு தெளிவாக இருப்பதற்கும் ஏடுகளே காரணம். அவர் மொரேவியச் சபையைச் சேர்ந்தவர். அச்சபையார் பெத்லகேம், நாசரேத் என்று விவிலியப் பெயரிட்ட ஊர்களை அங்கே அமைத்துக் கூட்டுவாழ்வு நடத்தினர். நாசரேத்தை அடுத்த கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்னும் குடியிருப்பில் துவக்குக் கம்மாலை இருந்தது. அதனை நடத்திய அன்ட்ரியாஸ் அல்பிரெக்ட், ஜேர்மனியில் துவக்குத் தொழிலுக்குப் பேர்போன சூல் நகரப் பகுதியிலிருந்து வந்தவர். அவரிடம் பயின்ற ஓர்ட்டர் 1766-இல் கம்மாலைப் பொறுப்பை ஏற்றார். 1777-இல், முப்பது வயதளவிலேயே இறந்துபோனார். மொரேவியர் எழுதுவதில் சலியாதவர்கள். குடியிருப்பின் நாட்குறிப்பு, கம்மாலைச் சரக்குக் கணக்கு, ஒவ்வொரு உறுப்பினரின் வாழ்க்கைக் குறிப்பு என யாவும் எழுதிக் காத்தனர். பெத்லகேம் ஆவணச்சாலையில் அவை இன்றும் உள்ளன. இவ்வேடுகளோடு ஓர்ட்டர் ஆண்டிட்டுப் பெயர் பொறித்த ஒருசில துவக்குகளும் சேர்ந்து, பெயரற்ற பிறவற்றை அளக்கும் முழக்கோலாயின. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் வின்ட்சர் அரச சேகரிப்பில் இருக்கிறது. புரட்சிப்போரில் அமெரிக்கர்க்கு எதிராகப் போரிட்ட ஓர் ஆங்கிலப் படையதிகாரி, பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசருக்குக் கொடுத்தது. வாலி போர்ஜ் களவு ஆய்வாளர்களை ஏன் அவ்வளவு வருத்தியது என்பது இதனால் தெரியும். முழக்கோல் தொலைந்தால் அளப்பது எதனைக்கொண்டு?

இத்தனை பாடுபட்ட பின்னும் நேர்மையான ஆராய்ச்சியாளன் மூன்று வகையாகவே பேசுவான். பெயரும் வேலையும் ஏடும் ஒத்தால் 'இன்னார் செய்தது' என்பான். பெயரின்றி வேலை மட்டும் ஒத்தால் 'இன்னார் செய்ததாகக் கருதப்படுவது' என்பான். அதற்கும் சான்று போதாவிடத்து 'இன்ன ஊர் மரபினது' என்று நிறுத்திக்கொள்வான். 1980-இல் ஜோர்ஜ் ஷம்வே என்பவர் குடியேற்றக்காலத் துவக்குகளைப் பற்றி இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டபோது ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் எண் கொடுத்தார். செய்தவர் பெயரில் கருத்துமாறினாலும் எண் மாறாது. ஆய்வாளர்கள் இன்றும் அவ்வெண்ணாலேயே துவக்குகளைச் சுட்டுகிறார்கள்.

பாட்டனார் காலத்துத் துவக்கு ஒன்று பரணிலிருந்து அகப்பட்டால் அங்குள்ள குடும்பத்தார் செய்யும் முதற்காரியம் அதனைத் துலக்குவது. இரும்புத்தூரிகையும் மெருகு மருந்துமாக ஒரு பகற்பொழுது தேய்த்தால் துரு போகும்; துருவோடு, மங்கிக்கிடந்த எழுத்தின் மேல்வரியும் போகும். ஆகவே அறிந்தோர் சொல்வது: தொடாதிருங்கள். இருண்ட அறையில் வைத்து, கைவிளக்கின் ஒளியைக் குழலின்மேல் ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள்; நேரொளியில் தெரியாத கோடு சாய்வொளியில் நிழல்விட்டு எழும். குழலைக் கழற்றும் வேலையைப் பழகிய கையிடம் விடுங்கள். அது எவரிடமிருந்து எவருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்தது என்று வீட்டு முதியவர்கள் சொல்வதை, அவர்கள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். சீலைப்பெட்டியின் மூடியைத் திறந்தால் முன்னவர் ஒருவர் அப்படி எழுதிவைத்த துண்டுக்கடிதம் சில வேளை உள்ளேயே மடிந்து கிடப்பதுண்டு.